டர்போவைக் கழற்றுவதற்கு முன்

வண்டி இழுக்கவில்லை என்று பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், பழுது எதுவென்ற தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "டர்போ போயிருச்சுங்கண்ணா. மாத்தியே ஆகோணும்னு சொல்லிட்டாங்க." சொன்னவர் யார் என்று கேட்டால், ஸ்டாண்டில் நிற்கும் இன்னொரு டிரைவராக இருப்பார். இல்லாவிட்டால் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்த ஒரு மெக்கானிக்காக இருப்பார். டீசல் வண்டியில் பிக்கப் குறைந்தால் உடனே டர்போவைக் கைகாட்டுவது எங்கள் தொழிலில் பழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படி வருகிற வண்டிகளை முறையாகச் சோதித்தால், பெரும்பாலானவற்றில் டர்போ நல்ல நிலையில்தான் இருக்கிறது. பழுது அதற்கு முன்னாலோ பின்னாலோ, சில நூறு ரூபாய்ச் சாமானில் ஒளிந்திருக்கிறது.

தேங்காய் லோடு அடிக்கிற பிக்கப், வால்பாறைக்கு ஆள் ஏற்றும் வேன், தவணை முடியாத டாக்ஸி. என்னிடம் வருபவை இவைதான். டர்போவை மாற்றச் சொல்வது இவர்களுக்குச் சில மாதத் தவணையை ஒரே நாளில் கட்டச் சொல்வது. கடன் வாங்கி அதையும் மாற்றி, அப்புறமும் வண்டி ஏற்றம் ஏறாமல் நிற்கும்போது அந்த டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போன காற்றை பிஸ்டன் இறுக்கி அழுத்தும்போது அது கொதிக்கிற சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு காற்று இருக்கிறதோ அதற்கேற்ற டீசலைத்தான் சுத்தமாக எரிக்க முடியும். அடுப்படியில் ஊதுகுழல் செய்கிற வேலையை இன்ஜினில் டர்போ செய்கிறது. ஊதுவதற்கான பலத்தை மட்டும் அது வெளியேறும் புகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமைக்குப் பதிந்த யோசனை இது. 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி வந்தபோது டர்போ டீசல் காருக்குள்ளும் நுழைந்தது. சிறிய காரின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். அழுத்திய காற்று சூடேறிவிடும் என்பதால், இன்டர்கூலர் வழியாக அனுப்பிக் குளிரவைத்து இன்ஜினுக்குக் கொடுக்கிறார்கள். ஏர் பில்டர், டர்போ, இன்டர்கூலர், இன்ஜின் என்று போகும் இந்தப் பாதையில் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு ரப்பர் ஹோஸ், அதற்கு ஒரு க்ளிப்.

முதலில் சோர்ந்திருப்பது இன்ஜின்தானா என்பதையே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென ஏறி, வண்டி அதற்கேற்ப நகராவிட்டால் அது கிளட்ச் பிளேட். சமதளத்தில் நியூட்ரலில் உருளவிட்டால் சீக்கிரமே நின்றுபோய், ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பார்க்காமலேயே இன்ஜினைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்னால் நான் டிரைவரோடு உட்கார்ந்து பேசுவேன்.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"போன வாரம் சர்வீஸ் விட்டு எடுத்ததுல இருந்துதானுங்கண்ணா."

"கீழ இழுக்கலையா, மேல இழுக்கலையா?"

"ரெண்டாவது கியர்ல வளைவு திரும்பறப்ப செத்துப்போகுதுங்க. ஆர்பிஎம் ஏறிருச்சுன்னா பரவால்லீங்க."

இந்த நாலு பேச்சில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. சர்வீஸுக்குப் பிறகு என்றால், கழற்றிய ஏதோ ஒரு ஹோஸ் சரியாக உட்காராமல் இருக்கலாம். குறைந்த ஆர்பிஎம்மில் செத்து, மேலே போனால் தெளிகிறது என்றால், காற்று எங்கோ கசிகிறது, அல்லது டர்போவின் கட்டுப்பாடு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. நேர்மாறாக, மெதுவாகப் போகும்வரை நன்றாக இருந்து வேகமெடுக்கும்போது மட்டும் மூச்சுத் திணறினால், அடைப்பைத் தேட வேண்டும்: ஏர் பில்டர், டீசல் பில்டர், சைலன்சர். ஏற்றத்தில் திடீரென்று சக்தி போய், சாவியை அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறது என்றால், வண்டியின் கம்ப்யூட்டரே ஏதோ ஓர் அளவு வரம்பு மீறியதைக் கண்டு இன்ஜினைக் காப்பாற்ற அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. லிம்ப் மோடு என்பது இதுதான்.

பழைய பம்ப் வண்டிகளில் புகையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கருப்புப் புகையோடு சக்தி குறைந்தால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை. புகையே இல்லாமல் குறைந்தால் டீசல் வரவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தொழில் பழகிய காலத்தில் நாங்கள் கற்ற முதல் பாடம் இது, இன்றும் அது பொய்யாகவில்லை. ஆனால் காட்டிக்கொடுக்கும் புகைதான் குறைந்துபோனது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் தொடங்கிய காமன் ரயில் முறை இன்று எல்லாப் புது டீசல் கார்களிலும் இருக்கிறது. உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து சொல்ல, காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகை விதிப்படி செய்த வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்தது. கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. ஹோஸ் கிழிந்து காற்று குறைந்தால், டீசலைக் குறைத்த பிறகும் மிஞ்சும் கரி, முன்பு போல் வெளியே கருப்பாக வராமல், டிபிஎஃப்புக்குள் போய் நிறைகிறது. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது. டிபிஎஃப்பைச் சுத்தம் செய்யப் பணம் செலவாகிறது. கிழிந்த ஹோஸ் அப்படியே இருப்பதால் சில வாரத்தில் மறுபடி அதே விளக்கு. புது வண்டிகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தச் சுற்றுதான்.

வால்பாறை ஓட்டும் ஏழு சீட் வண்டி ஒன்று டர்போ மாற்றும் எஸ்டிமேட்டோடு என்னிடம் வந்தது. ஸ்கேனரில் பி0299 என்ற கோடு. டர்போ அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு எழவில்லை என்பதே அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. லோடு இல்லாதபோது டர்போ பெரிதாக அழுத்தம் எழுப்பாது என்பதால் அதில் வியப்பில்லை. வண்டியைத் தூக்கி அடியில் விளக்கடித்தோம். பொள்ளாச்சியில் தென்னை நார்த்தூசு படியாத இடம் கிடையாது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு இறங்கும் ஹோஸ் முழுக்க அது உலர்ந்த பொடியாகத்தான் படிந்திருந்தது. அடிப்பக்கத்தில், க்ளிப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஓர் இடத்தில் மட்டும் தூசு ஆயிலோடு குழைந்து கருத்த பசையாக அப்பியிருந்தது. துணியால் துடைத்தால் ரப்பர் முழுசாகவே தெரிந்தது. கழற்றி இரண்டு கையாலும் வளைத்தபோது அந்த இடம் ஒரு விரல்கடை நீளத்துக்கு வாய் பிளந்தது. உள்ளிருந்த நூல் வலை அறுந்திருந்தது. வண்டி நிற்கும்போது மூடிக்கொண்டும், ஏற்றத்தில் அழுத்தம் ஏறியதும் திறந்துகொண்டும் இருந்த கிழிசல் அது.

காற்று போகும் ஹோஸில் ஆயில் எப்படி வந்தது, டர்போ கசிகிறதுதானே என்று அந்த டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்ஜினின் உள்மூச்சு வெளியேறும் பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால்தான் வந்து சேர்கிறது. அதனால் மெல்லிய ஆயில் பூச்சு எல்லா டர்போ டீசலிலும் ஹோஸுக்குள் இருக்கும். கவிழ்த்தால் ஆயில் வழிந்து ஓடும் அளவுக்கு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஹோஸை மாற்றினோம், வண்டியை அவரே ஓட்டினார், நான் ஸ்கேனரை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ வரை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறியது.

அந்த ஓட்டத்தில் நான் பார்த்தது மேப் சென்சாரின் அளவை. இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சார் அது. இதை முதலில் இன்ஜின் ஓடாதபோது பார்க்க வேண்டும். சாவியை மட்டும் போட்டால் அது சுற்றுப்புறக் காற்றழுத்தத்தைக் காட்டும். பொள்ளாச்சியில் சுமார் 98 கிலோபாஸ்கல், 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் வால்பாறையில் சுமார் 89. நின்ற வண்டியில் 120 என்றோ 75 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, அதை வைத்து வேறு எதையும் முடிவு செய்யக் கூடாது. சரியாக இருந்தால் லோடோடு ஏற்றத்தில் மிதித்துப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பல கார்கள் 200-ஐத் தாண்டும். நல்ல ஸ்கேனர் கம்ப்யூட்டர் கேட்ட அளவையும் கிடைத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கேட்டது 220, கிடைத்தது 150 என்றால் காற்றுப் பாதையில் வேலை. கேட்டதே 150 என்றால் கம்ப்யூட்டர் வேறெதற்கோ சக்தியைக் குறைத்திருக்கிறது, டர்போவைத் தொடவே வேண்டாம்.

ஹோஸ்கள் நன்றாக இருந்தும் காற்று எழவில்லை என்றால் டர்போவின் கட்டுப்பாட்டுக்குப் போக வேண்டும். வேரியபிள் டர்போக்களில் புகை நுழையும் வாயில் சிறு இதழ்கள் திரும்பித் திறந்து மூடும். பல வண்டிகளில் அவற்றை அசைப்பது வேக்வம். வேக்வம் பம்பிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் ஒரு சோலனாய்டு வால்வு வழியாக ஆக்சுவேட்டருக்குப் போகும். அந்தக் குழாய்களை எலி கடிப்பது எங்கள் பகுதியில் சாதாரணம். தோட்டத்துச் சாளையில் நிறுத்தும் வண்டி என்றால் நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும், ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் கவனித்தால் ஆக்சுவேட்டரின் கம்பி இழுபடுவது கண்ணுக்கே தெரியும். அசையவில்லை என்றால் கை வேக்வம் பம்பை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பி தடையின்றி நகர்ந்து நிலையாக நின்றால் டர்போ பக்கம் சரி, குழாயோ வால்வோதான் பழுது. பாதியில் இறுகி நின்றால் இதழ்களில் கரி ஏறியிருக்கிறது. நீண்ட ஏற்றத்தில் அழுத்தம் அளவுக்கு மீறிப்போய் பி0234 என்ற கோடு வருவது பெரும்பாலும் இதனால். அதையும் பல வண்டிகளில் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டலாம். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி ஏறித் திறந்தபடி சிக்கினாலும் இதே சோர்வுதான். புதுக்காற்று நுழைய வேண்டிய இடத்தைப் புகை அடைத்துக்கொள்கிறது.

இனி டீசல் பக்கம். பொள்ளாச்சியில் கிளம்பும்போது நன்றாக இழுத்து, அரை மணி நேரம் போனதும் செத்துப்போகும் ஒரு பிக்கப். ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். புகை துளியும் இல்லை. டீசல் பில்டரை மாற்றியாயிற்று, அடுத்தது ஹை பிரஷர் பம்ப் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்கேனரில் பி0087, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரயில் குழாயில் அழுத்தம் குறைவு. பம்புக்கு டீசல் போய்ச் சேர்கிறதா என்று யாரும் பார்த்திருக்கவில்லை. டேங்க்கிலிருந்து வரும் குழாயைத் துண்டித்து, சுத்தமான டீசல் நிரப்பிய கேனை இன்ஜின் சூடு படாத இடத்தில் கட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே கொடுத்தேன். வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடியது. டேங்க்கை இறக்கிப் பார்த்தால், உறிஞ்சு குழாயின் சல்லடையில் தண்ணீரோடு கலந்த கொழகொழப்பான அழுக்கு. உறிஞ்ச உறிஞ்ச அது சல்லடையில் ஒட்டி அடைக்கும், நிறுத்தினால் கீழே உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் இன்னொரு வகையிலும் உதவும். டீசலோடு காற்றுக் குமிழ் ஓடினால் கண்ணில் படும், எங்கோ ஓ-ரிங்கிலோ இணைப்பிலோ காற்று புகுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்ஜெக்டர்களைச் சந்தேகிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓடவிட வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் அழுத்தத்தைக் கசியவிடுகிறது. ஒன்றுக்காக நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே 250, 300 பார், முழு லோடில் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்து அளவுதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். பட்டறைப் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது.

டிபிஎஃப் உள்ள வண்டியை ஊருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் கரி எரிய வாய்ப்பே கிடைக்காது. அதை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். விளக்கு எரிந்ததும் உடுமலை ரோட்டிலோ கோவை ரோட்டிலோ சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அடிக்கடி அணைத்தால், கூடுதலாகத் தூவிய டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், உடனே மாற்றுங்கள். டிபிஎஃப்பை உள்ளே குடைந்து காலியாக்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அந்தக் கரியை நம் தெருப் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும். நான் செய்வதில்லை.

டர்போ உண்மையாகவே போவதும் உண்டு. சைரன் மாதிரி ஊளைச் சத்தம், நீலப் புகை, இன்டர்கூலரில் தேங்கும் ஆயில், காற்றுச் சக்கரத்தின் இதழ்களில் வெட்டு. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் இம்மியளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினாலோ சக்கரம் கூட்டில் உரசினாலோ அதை மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் புதிதை மாட்டக் கூடாது. ஆயில் வரும் மெல்லிய குழாய்க்குள் கரி அடைத்திருந்தால் புதுசும் அதே வழியில்தான் போகும். ஆயிலைக் காலம் தள்ளி மாற்றியதா, கிழிந்த ஏர் பில்டர் வழியாகத் தூசு போனதா, ஏற்றம் ஏறிய கையோடு ஒரு நிமிடமும் ஐடிலிங்கில் விடாமல் அணைக்கிற பழக்கமா என்று பார்க்க வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்காமல் விட்டால், இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டியில் அப்படி ஆனால், பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும்.

இவ்வளவையும் பார்க்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால் பலருக்கும் மனம் வருவதில்லை. "ஒண்ணுமே மாத்தலையே, அதுக்கு எதுக்குங்க காசு?" என்பார்கள். மாற்றாமல் தப்பித்த சாமானின் விலையை நினைத்துப் பாருங்கள் என்பேன். சோதனைக்கென்று தனியாகக் கூலி வாங்கும் பட்டறைக்கு, தேவையில்லாத சாமானை விற்றாக வேண்டிய நெருக்கடி குறைவு. அங்கே போகிறவர்களும் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. டர்போவை மாற்ற வேண்டும் என்றால் மேப் அளவு கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பம்ப் என்றால் ரயில் அழுத்தத்துக்கும் அப்படியே. ஹோஸ்களில் காற்றடைத்து சோப்பு நுரை போட்டுப் பார்த்தார்களா, ஆக்சுவேட்டரை வேக்வம் பம்பில் இழுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானை வாங்கி வையுங்கள். வண்டியை விடும்போது எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில், சூடான பிறகா முன்பா, டேங்க்கில் டீசல் எவ்வளவு இருந்தபோது சக்தி போனது என்பதை ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுங்கள்.